அழுத்தாமல் எழுதும் பேனா

— இது பேனாவா, கதவுக் கைப்பிடியாண்ணே? எடுத்தா கையே கீழ இறங்குது!

— உள்ளதைச் சொல்லிடறேம்மா. அது பரிசு கொடுக்கிறவங்க வாங்குற மாடல். பெட்டியோட அலமாரியில வெச்சா ஜோரா இருக்கும். தினம் எழுதுறதுக்குன்னு அதை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.

— நாங்க கேக்குறோம். கண் முழிச்சதுலேர்ந்து படுக்கிற வரைக்கும் எழுதணும். அலமாரியில வைக்க எங்க வீட்டுல எவர்சில்வர் குடம் இருக்கு, அது போதும்.

— அவ்வளவு எழுதணும்னா சார் என்ன, வக்கீலா? கதை கிதை எழுதுறாரா?

— பேசுறதுக்குண்ணே.

— புரியலையேம்மா.

— என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில கட்டி. ஆபரேஷன்ல குரல்வளையையே எடுத்துட்டாங்க. ஆளு பிழைச்சாரு, குரல் போச்சு. கழுத்துல மஃப்ளர் சுத்தியிருக்காரே, அதுக்குத்தான். இனிமே எது சொல்றதுன்னாலும் எழுதித்தான் சொல்லணும். நீங்க உடனே மூஞ்சியைத் தொங்கப் போட்டுடாதீங்க, அது அவருக்கு ஆகாது. பாருங்க, எழுத ஆரம்பிச்சுட்டாரு. இருங்க, படிக்கிறேன். "கடைக்காரரே, போனது குரல். நான் போகல. இரக்கம் இருந்தா அதை விலையில காட்டுங்க."

— ஐயையோ, சிரிச்சுட்டேன். மன்னிச்சுக்கங்க சார்.

— நல்லா சிரிங்க. ஒரு மழைக்காலம் பூரா செவுத்தைப் பார்த்துப் படுத்திருந்த மனுஷன். இப்பத்தான் நக்கல் திரும்பி வந்திருக்கு. ஏங்க, ஏன் கடை மேஜைக் கண்ணாடியைத் தட்டுறீங்க? உடைஞ்சா அதுக்கும் சேர்த்து அழணும். என்ன... "சத்தமாப் படி"யா? அண்ணன் இதோ எதிர்லதான் நிக்கிறாரு, ஊருக்கே கேக்கணுமா?

— கேட்டுடுச்சும்மா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் செருப்புக் கடையில ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தாங்க.

— என் வாய் அப்படிண்ணே. ரகசியம்னு ஆரம்பிச்சாலே தெருக்கோடி வரைக்கும் போயிடும்.

— நான் ஒண்ணு கேக்கலாமா? இப்பல்லாம் போன்ல எழுதினா அதுவே படிச்சுக் காட்டுதே.

— போட்டுக் கொடுத்தோம். மக ஆசை ஆசையா அதை இறக்கிக் கொடுத்தா. இவர் ஒரு நாள் வெச்சிருந்தாரு, தூக்கி மெத்தைக்கு அடியில போட்டுட்டாரு. என்ன சொன்னாரு தெரியுமா? "என் வாயில எவனோ உக்காந்துக்கிட்டுப் பேசுறான். நம்ம வீட்டுல அவனுக்கு என்ன வேலை?" அப்படீன்னாரு. கழுத்துல வெச்சுப் பேசுற மெஷினுக்கும் ஆஸ்பத்திரியில பழக்கிக் கொடுக்கிறாங்க. அது கைவர நாளாகும்.

— சரி, பால்பாயிண்ட்? சல்லிசா கிடைக்குமே.

— அங்கதாண்ணே வம்பு. கழுத்துல கத்தி வெச்சதுல வலது தோள்பட்டை சரியாத் தூக்க வரல. பால்பாயிண்ட்டை அழுத்தி அழுத்தி எழுதினா சாயங்காலத்துக்குள்ள கை விண்ணு விண்ணுன்னு தெறிக்குதாம். பாதி வாக்கியத்துல நிறுத்திடுவாரு. அப்புறம் அவர் என்ன சொல்ல வந்தாருன்னு நான் நிமித்தம் பார்க்கணும்.

— அப்ப சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. மை ஊத்துற பேனாவை அழுத்தவே வேணாம். காகிதத்துல சும்மா வெச்சு இழுத்தா தானே ஓடும். ஆனா உள்ளதைச் சொல்லிடறேன், அதுக்கு இரும்பு, பித்தளை எல்லாம் எதுக்கு? பிளாஸ்டிக்ல இலவம்பஞ்சு மாதிரி ஒண்ணு தர்றேன்.

— இதைத்தான் நானும் பஸ்ஸுல வர்றப்ப முட்டிக்கிட்டேன். கேட்டாதானே? இதோ பதில் வருது. "நான் ஏலம் கூவினவன். மீசை முளைச்சதுலேர்ந்து அதே மேடை. மூணு கால் நாற்காலியை ராஜா உக்காந்ததுன்னு சொல்லாமலே ராஜா விலைக்கு வித்த வாய் இது. இதுக்குப் பிளாஸ்டிக்ல நாக்கா?"

— ஏலக்காரரா! எந்தச் சாமான் ஏலம் சார்?

— பழைய வீட்டுச் சாமான்ணே. பீரோ, கட்டில், சுவர்க் கடிகாரம், பியானோ கூட ஒரு தடவை வந்துச்சு. இவர் கூவினா ஏலக்கூடத்துல கடைசி வரிசையில தூங்குறவன்கூட எழுந்து விலை கேப்பான். முழிச்சப்புறம்தான் எதுக்குக் கேட்டோம்னு யோசிப்பான்.

— சரி, நான் இனி பிளாஸ்டிக் பேச்சே எடுக்கல. இந்தாங்க சார், இது வெள்ளி முலாம். வழவழன்னு இருக்கும். எழுதிப் பாருங்க.

— வழுக்குது பாருங்க. ரெண்டு எழுத்துக்குள்ள விரல் நிப்புக்கு வந்துடுச்சு. "சோப்புக்கட்டி"ங்கிறாரு.

— அப்ப இது? உடம்பு பூரா பூ வேலை. கை வழுக்காது.

— வழுக்கலதான். எங்க, விரலைக் காட்டுங்க... ஐயே, ஒவ்வொரு பூவும் விரல்ல அச்சா விழுந்திருக்கு! ஒரு நாள் எழுதினா கையில தோட்டமே முளைச்சுடும்.

— கொஞ்சம் பொறுங்க. மேல் தட்டுல ஒண்ணு இருக்கு. இந்தாங்க. பித்தளை உடம்பு, மேல கொடி செதுக்கியிருக்கு. ஆனா விரல் படுற இடத்துல பூ இல்ல பாருங்க, மெல்லிசா வரி மட்டும்தான். பிடிப்பு இருக்கும், குத்தாது. இருங்க சார், மூடியைப் பின்னாடி மாட்டாதீங்க. மாட்டினா பின்பாரமாகி தோளை இழுக்கும். மூடியை மேஜையில வெச்சுட்டு எழுதுங்க.

— என்னங்க? எப்படி? தலையை ஆட்டுறாரு. இன்னொரு வரி எழுதுறாரு... தோளு வலிக்கலையா? நிஜமா? எனக்காகச் சொல்லாதீங்க.

— முகத்தைப் பார்த்தாலே தெரியுதேம்மா. சார், நிப்பு எது வேணும்? கூர் நிப்பு மெல்லிசா எழுதும், பட்டை நிப்பு தடிப்பா எழுதும்.

— "பட்டை. எனக்குக் கிசுகிசுத்துப் பழக்கமில்ல."

— கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க, எந்த மாதிரிக் காகிதத்துல எழுதுவீங்க? சொரசொரப்பா இருந்தா பட்டை நிப்புல மை ஊறிப் பரவிடும்.

— நோட்டுப் புஸ்தகம்தாண்ணே, அதுக்கென்ன... இருங்க. "சாமான்ல கட்டுற அட்டைச் சீட்டு." எந்தச் சாமான்? நம்ம வீட்டுல எதுக்குச் சீட்டு கட்டப் போறீங்க? என்னையா வித்துடப் போறீங்க?

— உங்களை வாங்குறவங்க காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுத்தான் வரணும்மா.

— அண்ணே, சும்மா இருங்க ஒரு நிமிஷம். ஏங்க, ஏலக்கூடத்துச் சீட்டா? முதலாளி வந்தாரே அன்னைக்கு, ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கிட்டீங்களே, நான் காப்பி கொண்டாந்ததும் எழுதின காகிதத்தை மறைச்சீங்களே, இதுதானா? மறுபடி வேலைக்குப் போறீங்களா? "ஆமா. நாளைக்கு." நாளைக்கா! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?

— அம்மா, நல்ல சேதிதானே இது?

— உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்? இவர் மேடையில நின்னு கூவின ஆளு. இனி மேடைக்குக் கீழ உக்காந்து எந்தச் சாமான் யாருக்குப் போச்சுன்னு சீட்டு எழுதணும். தலைக்கு மேல வேற எவனோ நின்னு கூவுவான். அதைக் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கேட்டுக்கிட்டே எழுதணும். மறுபடி வந்து செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாருன்னா? அந்த முதுகை நான் இன்னொரு தடவை பார்த்துக்கிட்டு இருக்க மாட்டேன். என்னால முடியாது.

— தண்ணி குடிக்கிறீங்களாம்மா?

— வேணாம். அவர் எழுதுறாரு. "நீ கிளினிக்குல டோக்கன் நம்பர் கூப்பிடுற வேலையை விட்டுட்டு வந்து எனக்குக் கஞ்சி காய்ச்சினப்ப என்கிட்டக் கேட்டியா?" அது வேற, இது வேறங்க. கிளினிக்கு எங்க போகப் போகுது? "உன் எடத்துல மணி வெச்சுட்டாங்க. பட்டனை அமுக்கினா நம்பர் வருது." எனக்குத் தெரியாதா? போய்ப் பார்த்துட்டுத்தானே வந்தேன். அதைப் பத்தி இங்க ஏன் இப்ப?

— உள்ளதைச் சொல்லிடறேன். புருஷன் பொண்டாட்டி நடுவுல பேசக்கூடாது. ஆனா கடைக்காரன் பேசலாம். அட்டைச் சீட்டுன்னா பட்டையும் வேணாம், கூரும் வேணாம். நடுத்தர நிப்பு போடுவோம். சார், சம்மதமா?

— சம்மதமாம். அதுக்கு மட்டும் உடனே தலை ஆடுது பாருங்க.

— மை என்ன நிறம்?

— "சிவப்பைத் தவிர எதுவும். சிவப்புல பேசினா திட்டுற மாதிரி இருக்கும்." அதெல்லாம் நான் நீலத்துலயே திட்டு வாங்கியிருக்கேன்.

— நீலக்கறுப்பு தர்றேன். நீலத்தை விடக் கொஞ்சம் அழுத்தமாத் தெரியும். மை ஊத்துறதை நான் காட்டிடறேன்மா, நீங்க...

— கொடுங்கண்ணே, நான் ஊத்துறேன், இவருக்குத் தோள் வலிக்கும். ஏங்க, கையைத் தட்டி விடுறீங்க? சரி, சரி. உங்க பேனா, உங்க மை. நான் தொடல.

— நல்லது. சார், உடம்பைத் திருகிக் கழட்டுங்க. உள்ள கண்ணாடிக் குழாய் மாதிரி இருக்கே, அதுதான் மை தங்குற இடம். அதோட தலையில இருக்கிற திருகை முழுக்கத் திருப்புங்க, உள்ள இருக்கிற கட்டை கீழ இறங்கும். ஆ, போதும். இப்ப நிப்பை மையில விடுங்க. இன்னும். நிப்பு பூரா முங்கணும். இப்பத் திருகை எதிர்ப்பக்கமாத் திருப்புங்க, மெதுவா.

— ஏறுது! ஐயே, நின்னு போச்சு. பாதிக்கு மேல காத்துதான் இருக்கு.

— நிப்போட கழுத்து வெளியில தெரியுது, அதான் காத்தை உறிஞ்சிடுச்சு. பரவாயில்ல. உள்ள போனதை மறுபடி குப்பிக்கே விட்டுட்டு, முழுசா முக்கித் திருப்புங்க. எல்லாருக்கும் மொதல் தடவை இப்படித்தான் ஆகும்.

— மெதுவாங்க... மெதுவா... கட்டை விரலை நல்லா ஊனிக்கோங்க... அண்ணே, ஏறுது! மேல வரைக்கும் ஏறிடுச்சு!

— கத்தாதீங்கம்மா, குப்பி கவுந்துடப் போகுது. எடுத்ததும் ரெண்டு மூணு சொட்டு திரும்பக் குப்பியில விடுங்க சார், இல்லாட்டி எழுதும்போது கொட்டும். இந்தத் துணியால நிப்பைத் துடைங்க. அவ்வளவுதான். எழுதாதப்ப மூடி போட்டு வைங்க, நிப்பு காயாது. மாசத்துக்கு ஒரு தடவை வெறும் தண்ணியில அலசுங்க. சோறு தண்ணி கேக்காது, அது மட்டும் கேக்கும். இந்தாங்க, நல்ல காகிதம். எழுதுங்க.

— எழுதுங்க. என்ன யோசனை? பேர் எழுதிப் பாருங்க, கையெழுத்துப் போடுங்க.

— எழுதிட்டாரே. நிப்பு கீறுதாம்மா? மை பரவுதா?

— இல்லண்ணே. நல்லா எழுதுது.

— பின்ன ஏம்மா கண்ணு கலங்குது?

— "வெங்கலம்"னு எழுதியிருக்காரு.

— பித்தளைம்மா அது. வெண்கலம் இல்ல.

— பேனாவைச் சொல்லலண்ணே, என்னைச் சொல்றாரு. நான் டோக்கன் கூப்பிட்ட கிளினிக்குக்கு இவர் காய்ச்சலோட வந்து உக்காந்திருந்தாரு. நான் இவர் நம்பரைக் கூப்பிட்டேன். எழுந்து வந்தவரு டாக்டர் ரூமுக்குள்ள போகாம என் முன்னாடி நின்னுட்டு, "ஏம்மா, வெங்கலத் தொண்டையை வெச்சுக்கிட்டு இங்க வந்து நம்பர் கூப்பிடுறியே"ன்னாரு. அன்னையிலேர்ந்து அதுதான் என் பேரு. வேற யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல. ஆபரேஷனுக்கு உள்ள தள்ளிட்டுப் போறப்பக் கடைசியாக் கேட்டேன். அப்புறம் இப்பத்தான். இந்த மனுஷன் என்னைக் கூப்பிட்டிருக்காருண்ணே.

— இந்தக் காகிதத்தை நீங்களே வெச்சுக்கங்கம்மா. சார், பேனாவுக்கு உறை என் கணக்கு. விலையிலயும் குறைச்சுக்கிறேன். இரக்கத்துக்கு இல்ல, சிரிக்க வெச்சதுக்கு.

— இன்னும் எழுதுறாரு. ஏங்க, தோள்பட்டை? வலிச்சா நிறுத்துங்க. வீட்டுக்குப் போயி மிச்சத்தைப் பேசலாம்.

— நிறுத்துற மாதிரித் தெரியல. பாதிப் பக்கம் போயிட்டாரு.

— "மேல எவன் கூவப் போறான்னு கவலைப்பட்டியே. முதலாளி ஆள் தேடிக்கிட்டுத்தான் இருக்காரு. வந்தவனெல்லாம் மைக்கைக் கேக்குறான். மைக்கு இல்லாம எவன் குரலும் பாதிக் கூடத்தைத் தாண்டல. விலை கேக்குறவன் முகத்தைப் பார்த்து, அவன் மனசு எப்ப அசையுதுன்னு ஒருத்தனுக்கும் தெரியல."

— அப்ப நாளைக்கு யாரு சார்? ஆள் கிடைச்சாச்சா?

— "ஆள் இருக்கு. முதலாளிகிட்டப் பேர் சொல்லிட்டேன். சரின்னுட்டாரு." யாருங்க அது? எனக்குத் தெரிஞ்சவனா? "உனக்கு நல்லாத் தெரிஞ்ச ஆளுதான். ஒண்ணு மட்டும் பாக்கி. சம்மதமான்னு அந்த ஆளைத்தான் இன்னும் கேக்கல. பேப்பர்ல பாதியில நின்னு போற பேனாவால அதைக் கேக்கக்கூடாதுன்னு இருந்தேன்."

— அடுத்த வரியையும் படிங்கம்மா. எனக்கே தாங்கல.

— இருங்கண்ணே, முதல்ல நானே ஒரு தடவை படிச்சுக்கிறேன்.

— அம்மா? என்னதான் எழுதியிருக்காரு? சத்தமாப் படிங்க.

— "கீழ உக்காந்து நான் எழுதுறேன். மேல ஏறி நின்னு நீ கூவுறியா?"