மச்சான் பிடித்த கயிறு

கம்ப்ரசர் ஓடும் வள்ளத்தில் உட்கார்ந்து எப்படிப் புத்தகம் படித்தீர்கள் என்று கேட்டீர்கள், மேடம். தாராளமாகப் படிக்கலாம். இருபத்தாறு வயதில் சங்கு குளிக்கப் போய் என் இடது காதுச் சவ்வு கிழிந்துவிட்டது. அந்தக் காதைக் கம்ப்ரசர் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மாவட்ட நூலகத்தில்கூட அவ்வளவு அமைதி கிடைக்காது.

பெயர் கஸ்பார். வயது ஐம்பத்திரண்டு. காது போனபின் என்னால் முங்க முடியாது. அதனால் என் தங்கை ஜெஸ்லினின் கணவன் கித்தேரியான் கடலுக்குள் இறங்கும்போது, மேலே இருந்து கம்ப்ரசரையும் அவன் இடுப்புக் கயிற்றையும் பார்த்துக்கொள்வது என் வேலையானது. கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாக அவனுக்குக் காற்று போகும். கயிறு எங்களுக்குள் பேசிக்கொள்ள. ஒரு தடவை இழுத்தால் சங்குப் பையைத் தூக்கவேண்டும். நாலு தடவை இழுத்தால் ஆளைத் தூக்கவேண்டும். பதினேழு வருடம் இந்த வேலையில் ஒரு குறை வைத்ததில்லை. மிச்ச நேரத்தில் படித்தேன்.

எனக்குப் பிடித்தது இந்தக் கடற்கரையின் கோரமான பழைய சங்கதிகள். சிலருக்கு கிரிக்கெட், எனக்கு இது. தண்டனைக் கைதிகளைக் கொற்கையில் முத்துக் குளிக்க வைத்தார்கள் என்று ஈராயிரம் வருடத்துக்கு முன்பே ஒரு கிரேக்க மாலுமி எழுதி வைத்திருக்கிறான். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறேன் என்று சொன்ன ஆளுக்குக் கும்பெனி வெள்ளைக்காரர்களே சிப்பியில் பங்கு கொடுத்தார்கள். சுறா வந்துவிட்டால் அந்த ஆள் என்ன சமாதானம் சொல்லியிருப்பான் என்று நினைத்து வள்ளத்தில் தனியாகச் சிரித்திருக்கிறேன். சிப்பியை மணலில் அழுகவிட்டு முத்தெடுத்த முகாம்களில் காலரா வந்து சனம் கொத்துக் கொத்தாகச் செத்தது. போர்த்துக்கீசியர் போய் டச்சுக்காரர் வந்தார்கள், டச்சுக்காரர் போய் இங்கிலீஷ்காரர் வந்தார்கள். முங்கியவனுக்கு மட்டும் எல்லா ஆட்சியிலும் ஒரே மாதிரி மூச்சு முட்டியது.

இவ்வளவு அசிங்கத்துக்கு நடுவில் ஒரே ஒரு சுத்தமான விஷயம் எனக்குத் தென்பட்டது. முங்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியின் அண்ணனோ தம்பியோதான் பிடிப்பான். கூடப்பிறந்தவளை எவனாவது விதவையாக்குவானா? அண்ணன் தம்பி என்றால்கூடச் சொத்துக்கு ஆசைப்படலாம். மச்சானை நம்பலாம். நானூறு வருடத்தில் இந்தத் துறையில் எந்த மச்சானும் கயிற்றில் துரோகம் செய்ததில்லை என்று என் புத்தகத்தில் எழுதினேன். அதுதான் கடைசி அத்தியாயம். எழுதி முடித்த அன்று எனக்கு அழுகை வந்தது. பத்தாவது பெயிலான ஒருவன் எழுதியதை மாதா கோவில் மண்டபத்தில் வெளியிடுவதாகப் பங்குச்சாமி சொன்னார். பேனரும் அடித்துவிட்டார்கள்.

வெளியீட்டுக்கு முந்தின திங்கட்கிழமை கித்தேரியான் சிரித்துக்கொண்டே வந்தான். வீட்டு ஓடு மாற்றும்போது பரணில் இருந்த தகரப் பெட்டியில் ஒரு காகிதம் கிடைத்ததாம். அவனுடைய பாட்டனுக்குப் பாட்டி, முத்துக்குளிப்பை நடத்திய வெள்ளைக்கார அதிகாரிக்கு எழுதிய மனுவின் நகல். என் புருஷன் கயிற்றை இழுத்தும் என் அண்ணன் வேண்டுமென்றே தூக்கவில்லை, வீட்டு மனைத் தகராறில் கொன்றுவிட்டான் என்று அந்த அம்மாள் எழுதியிருந்தாள். அண்ணன் பெயர் கஸ்பார். என் பாட்டனுக்குப் பாட்டன். அவர் பெயரைத்தான் எனக்கு வைத்திருக்கிறார்கள்.

"மச்சான், இதையும் புஸ்தகத்துல சேத்துருங்க. ருசியா இருக்கும்லா," என்றான்.

புத்தகம் அச்சாகிவிட்டது என்றேன்.

"அதனால என்ன? ஞாயித்துக்கிழம மேடையில நானே வாசிக்கேன். யாருட்டயும் சொல்லல, ஜெஸ்லின்ட்டகூடச் சொல்லல. சனம் அப்படியே அசந்துபோவும் பாருங்க."

அவனிடம் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது, மேடம். அதுதான் என்னை வதைத்தது. கெட்டவன் என்றால் பேசித் தீர்த்திருக்கலாம். அது போலிக் காகிதமாக இருக்கலாம் என்றேன். அந்த அம்மாளுக்குப் புத்தி பேதலித்திருக்கலாம் என்றேன். குடும்ப மானம் என்றேன்.

"கோவப்படாதிய மச்சான். அந்தக் காலத்துல செத்தவனுக்கு இப்ப என்ன மானம்?" என்று என் தோளைத் தட்டினான்.

அவனுக்கு அது வேடிக்கை. எனக்கு அது கடைசி அத்தியாயம். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மண்டபத்தில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கும் காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை. வெட்கமும் ஆத்திரமும் மாறி மாறி வந்தன, மறைக்க என்ன இருக்கிறது.

வியாழக்கிழமை எங்கள் வள்ளத்தில் வழக்கமாக வரும் மற்ற இரண்டு பேரும் மணப்பாட்டுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நானும் கித்தேரியானும் மட்டும் போனோம். கடல் குளம் மாதிரிக் கிடந்தது. பன்னிரண்டு பாகம், எழுபது அடிக்கு மேல் ஆழம். இடுப்பில் ஈயப் பட்டையைக் கட்டிக்கொண்டு, குழாயை வாயில் கவ்விக்கொண்டு, எனக்குக் கை காட்டிவிட்டு இறங்கினான். பத்தேகால் மணிக்குக் கம்ப்ரசரை நிறுத்தினேன். கையில் புத்தகத்தின் ஒரு பிரதி இருந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் இரண்டு அச்சுப் பிழைகளைக் கண்டுபிடித்துப் பென்சிலால் குறித்தேன்.

பிறகு கரையில் சொன்னதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மெஷின் நின்றது எனக்குக் கேட்கவில்லை, கயிறு அசையவே இல்லை என்றேன். ஒருவரும் மறுகேள்வி கேட்கவில்லை. நான் செத்தவனின் மச்சானாயிற்றே. எல்லோரும் எனக்குத்தான் முதலில் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். ஜெஸ்லின் என் மடியில் விழுந்து, "மிசினு நின்னா நீ என்னண்ணே செய்வ? ஒம் மேல ஒரு தப்பும் இல்லண்ணே," என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அப்போது நான் அழுதது நிஜமான அழுகை. அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

வெளியீட்டை முப்பதாம் நாள் பூசைக்குத் தள்ளி வைத்தார்கள். புத்தகத்தைக் கித்தேரியானுக்குச் சமர்ப்பணம் செய்து தனியாக ஒரு தாள் அச்சடித்து ஒட்டினேன். முதல் பிரதியை ஜெஸ்லின் வாங்கிக்கொண்டாள். கடைசி அத்தியாயத்தைப் பங்குச்சாமி வாசித்தபோது மண்டபமே விம்மியது. எந்த எழுத்தாளனுக்கும் அப்படி ஒரு நாள் வாய்க்கவேண்டும்.

நீங்கள் இந்த ஊர்க்காரராக இருந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும், இன்ஸ்பெக்டர் சீனித்தாய் மேடம். நீங்கள் விளாத்திகுளம். கரிசல் காட்டிலிருந்து மாற்றலாகி வந்தவர். உங்களுக்கு மச்சானும் ஒன்றுதான், மற்றவனும் ஒன்றுதான். அதனால்தான் வந்த முதல் வாரமே ஃபைலைப் புரட்டிவிட்டு, "டாங்க்ல பாதி டீசல் கெடந்துருக்கே, மெஷினும் அடுத்த நாளே ஓடிருக்கே, அப்ப எப்படி நின்னுச்சு?" என்று சாதாரணமாகக் கேட்டீர்கள். இந்த ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்.

அந்த மனுவை ஏன் எரிக்கவில்லை என்று இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். அடக்கத்தன்று கித்தேரியான் வீட்டுத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்ததுமே எரிக்க நினைத்தது உண்மை. தீக்குச்சியும் கிழித்தேன். மனம் வரவில்லை. அவ்வளவு பழைய காகிதம், மேடம், என்ன அழகான கையெழுத்து. அதையெல்லாம் அழிப்பது மகா பாவம். பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்துருண்டை வைத்து, எங்கே எப்போது கிடைத்தது என்று சீட்டும் எழுதி ஒட்டினேன். என் கையெழுத்தில் இருந்த அந்தச் சீட்டுதான் உங்களுக்கு உதவியிருக்கிறது. வரலாறு படிக்கிறவனுக்கு உரிய ஒழுக்கம் அது, வருத்தமில்லை.

ஆமாம், கம்ப்ரசரை நிறுத்தியது நான்தான். கயிறு அசைந்ததும் உண்மைதான். நாலு தடவை, தெளிவாக, அவசரமில்லாமல் இழுத்தான். நான் தூக்கவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் நீங்கள் வாக்குமூலத்தில் சரியாக எழுதிக்கொள்ளவேண்டும். காற்று நின்றதும் ஈயப் பட்டையைக் கழற்றி எறிந்திருந்தால் அவன் தானாகவே மேலே வந்திருப்பான். ஒரு கொக்கிதான், ஒற்றை விரலால் தட்டிவிடலாம். உடலைத் தூக்கியபோது பட்டை இடுப்பிலேயே இருந்தது. அவன் அதைத் தொடக்கூட இல்லை. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மச்சான் எப்படியும் தூக்கிவிடுவார் என்று கடைசிவரை காத்திருந்தான். என் புத்தகத்தில் எழுதியது உண்மை என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும், மேடம்?