முகமூடிக்குள்ளிருந்து ஒரு குரல்

‘ரெண்டே நிமிஷம்மா’ என்று என்னை எச்சரித்துவிட்டு, இந்த அவைக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! நான் சொல்லவேண்டிய புகழுரை அத்தனையையும் எனக்கு முன்பே சொல்லி முடித்துவிட்ட சான்றோர்களே! நெருப்போடு மல்லுக்கட்டும் தீயணைப்புத் தோழர்களே! அவர்களை வேலைக்கு அனுப்பிவிட்டு வாசலையே பார்த்திருக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களில் ஒருத்தியாய் முன்வரிசையில் அமர்ந்து, இவள் எப்போது முடிப்பாள் என்று பார்க்கும் என்னைப் பெற்றவளே! எல்லோருக்கும் என் வணக்கம்.

களைத்துப்போய் வந்து நிற்கிறேன். கம்பியில்லாக் கருவிகளைச் சோதிப்பதுதான் என் வேலை. இதோ, மேசைமேல் மின்னுகிறதே இந்தப் புதிய வாக்கி டாக்கி, இதைத் தூக்கிக்கொண்டு நான் ஏறாத மாடி உண்டா? இறங்காத நிலவறை உண்டா? லிஃப்டுக்குள் நின்று கத்தினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று கத்தினேன். ‘கேக்குதா, கேக்குதா’ என்று கத்திக் கத்தி, வீட்டில் சோறு கேட்கும்போதும் ‘ஓவர்’ என்று முடிக்கிறேன். சிரிக்காதீர்கள், என் அம்மாவையே கேட்டுப் பாருங்கள்!

நல்லதை நல்லது என்றுதான் சொல்வேன். பழைய கருவி ஊமையாகும் நிலவறையிலும் இது பேசும். சுற்றியிருக்கும் இரைச்சலைச் சலித்துத் தள்ளிவிட்டுக் குரலை மட்டும் கொடுக்கும். ‘அடேயப்பா, பக்கத்துல நின்னு பேசற மாதிரியே இருக்கே!’ என்று எல்லோரும் வியந்தார்கள். பேசியது யார்? நான். எப்படிப் பேசினேன்? வெறும் முகத்தோடு, நிதானமாக, நிறுத்தி நிறுத்தி. தீக்குள் போகிறவன் அப்படியா பேசுவான்?

முகம் முழுக்க முகமூடி. முதுகில் காற்றுருளை. காற்று தீரப்போகிறது என்று காதருகே மணி அலறும். போன வாரம் பயிற்சிக் கூடத்தில் அப்படி ஒருவனை உள்ளே அனுப்பினேன், தீயணைப்பு வீரனான என் கூடப்பிறந்த தம்பியை. அவன் பேசினான். இந்தக் கருவி என்ன செய்தது? மணியைக் குரல் என்று எடுத்துக்கொண்டது. குரலை இரைச்சல் என்று தள்ளிவிட்டது! வெளியே வந்து முகமூடியைக் கழற்றியதும் அவன் கேட்டான்: “ஏன்க்கா, தொண்டை கிழியக் கத்துறேன், ஒருத்தரும் பதிலே சொல்லல?”

கருவியைச் செய்தவர்கள் மறுக்கவில்லை. ‘சரிபண்ணிடலாம் மேடம், ரெண்டு மாசம் குடுங்க’ என்றார்கள். மேலிடத்தில் போய்க் கேட்டேன். ‘வழங்கும் விழாவுக்கு அழைப்பிதழே அடிச்சாச்சேம்மா!’ என்றார்கள். மறுபடி போனேன். மறுபடியும் போனேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அலுத்துவிட்டது ஐயா, உண்மையிலேயே அலுத்துவிட்டது.

இதோ துண்டுச் சீட்டும் வந்துவிட்டது, ‘சுருக்கமாக முடிக்கவும்’. முடிக்கிறேன் தலைவரே. முதல் கருவியை என் கையால் என் தம்பிக்கே வழங்கச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்குமுன் ஒரே ஒரு சோதனை.

தம்பி, புதுசு ஒண்ணு, பழசு ஒண்ணு, ரெண்டையும் எடுத்துக்க. வாசல்ல நிக்கிற தீயணைப்பு வண்டிக்குள்ள ஏறிக் கதவைச் சாத்து. முகமூடியை மாட்டு, மணியை அலறவிடு. ரெண்டுலயும் ஒரே வார்த்தையைச் சொல்லு.

அம்மா, இந்தா, அந்தப் புதுசோட ஜோடி, காதுல வை. தம்பி என்ன சொல்றான்?

“ஒண்ணும் புரியலடி. தண்ணி கொதிக்கிற மாதிரி இருக்கு. அவன்தானா அது?”

அவன்தான். இப்போ பழசோட ஜோடியை வை. கரகரன்னுதான் இருக்கும். மைக்கிலும் பிடிக்கிறேன், எல்லோரும் கேளுங்கள்.

“...காத்து தீருது... வழி தெரியல... ஆள் அனுப்புங்க...”

அம்மா! எங்கேம்மா எழுந்து ஓடுற? ஒத்திகைதாம்மா! அம்மா!

பார்த்தீர்களா, பெரியோர்களே? புதிய கருவியிலும் அவன் இதையேதான் சொன்னான். அப்போது என் தாய் நாற்காலியை விட்டு அசையவில்லை. பெற்ற தாய்க்கே எட்டாத குரல், கட்டுப்பாட்டு அறையில் இருப்பவனுக்கு எட்டுமா? காப்பாற்றப் போகிறவனைக் காப்பாற்ற யார் போவது?

தலைவர் அவர்களே, இதை இன்று என் கையால் கொடுக்கமாட்டேன். அந்த இரண்டு மாதத்தைக் கொடுங்கள். கால் வலிக்கிறது, தொண்டை கட்டிவிட்டது, இருந்தாலும் மறுபடி மாடி ஏறுகிறேன். இந்த முறை முகமூடி மாட்டிக்கொண்டு ஏறுகிறேன்.

கேட்ட காதுகளுக்கெல்லாம் நன்றி, வணக்கம்.

டேய் தம்பி, போதும், இறங்கி வாடா. அம்மா வண்டிக் கதவைத் தட்டிக்கிட்டு நிக்கிறாங்க.