பதினேழாம் எண் வந்தாயிற்று

மாலை நாலு ஐம்பத்திரண்டு. நவம்பர் மாதம்... அந்த நேரத்துக்கே எங்கும் இருட்டு. ஸ்லேட் ரோட்டில் ஈ காக்கா இல்லை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஊசியிலைக் காடு, நடுவில் ஆறு வீடுகள். இப்போது ஐந்து.

மர்ரே, அந்த ஸ்கேனரை அணைத்து வை. சிரிக்காதே. புயல் செய்தி கேட்கிறேன், போலீஸ் ரேடியோ கேட்கிறேன் என்று ஆளாளுக்கு அடுப்படியில் ஒன்று வைத்திருக்கிறோம். கதை முடிகிறவரை அது வேண்டாம். இந்தத் தீயணைப்புக் கொட்டகைக்கு மின்சாரம் காலைக்குள் வராது. அடுப்புப் பக்கம் தள்ளி உட்காருங்கள்.

இது என் கொழுந்தியாள் லோர்னாவுக்கு நடந்தது. அவசர அழைப்பு அறையில் பதினாறு வருடம் இருந்தவள். ஆபத்து என்று யார் போன் போட்டாலும் முதலில் கேட்பது அவள் குரல்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருவன் துப்பாக்கியோடு அந்த ரோட்டில் வீடு வீடாக ஏறினான். அவன் பெயரை நாம் சொல்வதில்லை. இன்றைக்கும் சொல்லப் போவதில்லை. ஏழு உயிர்... கடைசியாகப் போனவள் கோரா சுரெட்.

கோராவின் வீட்டுக்காரன் ஆல்டன் அன்றைக்குக் கடலில். சிங்கி இறால் பருவம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. கோரா மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சின்ன அறையில், அவனுடைய மழைக்கோட்டுகளுக்கு நடுவில், போனோடு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கோட்டுகளில் எப்போதும் ஹெர்ரிங் மீன் இரையின் வீச்சம் அடிக்கும்.

"லோர்னா, நீயா? பக்கத்து வீட்டுல சுடுற சத்தம் கேக்குதுடி..."

"நான்தான். மூச்சு காட்டாம இரு. வாசக்கதவத் தாழ் போட்டியா?"

"போட்டுட்டேன். போலீஸ் வந்துட்டாங்களா?"

லோர்னா திரையைப் பார்த்தாள். பதினேழாம் எண் வண்டி... 'வந்தாயிற்று' என்று பச்சை விளக்கு எரிந்தது. நேரம் நாலு ஐம்பத்திரண்டு.

இங்கேதான் கவனிக்க வேண்டும். நம் போலீஸ்காரர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வண்டியில் ஒரு பொத்தான் உண்டு. இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அமுக்க வேண்டும். இவர்கள் ரோடு திரும்புகிற இடத்திலேயே அமுக்கிவிடுவார்கள். எத்தனை நிமிடத்தில் போனார்கள் என்று மாதாமாதம் கணக்குப் பார்க்கிறார்கள் அல்லவா... அதற்காக. எல்லோருக்கும் தெரியும். லோர்னாவுக்கும் தெரியும். அந்த நிமிடத்தில் அது அவள் நினைவுக்கு வரவில்லை.

"வந்துட்டாங்க கோரா. வந்துட்டாங்க."

அப்போது கோராவின் வாசலில் யாரோ தட்டினார்கள். டக்... டக்... டக். போன் வழியாக லோர்னாவுக்கும் கேட்டது.

"அப்பாடா... இதோ தட்டுறாங்க," என்றாள் கோரா.

மழைக்கோட்டுகள் உரசின. படியறைக் கதவு கிறீச்சிட்டது. அப்போதுதான் லோர்னாவுக்கு அந்தப் பொத்தான் நினைவு வந்தது. "இரு, இரு, இரு" என்று கத்தினாள். ஆனால் போன் கோட்டுகளுக்கு நடுவிலேயே கிடந்தது. தாழ்ப்பாள் விலகுகிற சத்தம்... அப்புறம் நடந்ததை நான் சொல்ல மாட்டேன்.

பதினேழாம் எண் வண்டி எங்கே? சர்ச் திருப்பத்தில், விளக்கை அணைத்துவிட்டு, கூடுதல் ஆள் வரட்டும் என்று நின்றுகொண்டிருந்தது. உள்ளே காவலர் டெவோ. முப்பத்தோரு நிமிடம்.

விசாரணை அறிக்கை வந்ததே, படித்தீர்களா? 'காவலர் உரிய நேரத்தில் இடத்தை அடைந்தார். திருமதி சுரெட், காரணம் தெரியாமல், தாமே பாதுகாப்பான இடத்தைவிட்டு வெளியே வந்தார்.' அந்த ஒரு அழைப்பின் ஒலிப்பதிவு மட்டும் இயந்திரக் கோளாறில் அழிந்துவிட்டதாம். நம்பினவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்... ஒருத்தர் கூட இல்லையா? அதனால்தான் இந்த ஊரில் இப்போது எவனும் போலீசுக்குப் போன் போடுவதில்லை. திருடன் வந்தாலும் இந்தத் தீயணைப்புக் கொட்டகைக்குத்தான் போடுகிறான்.

லோர்னாவை அவளுடைய மேலதிகாரி தனியே கூப்பிட்டார். "நீதானேம்மா 'வந்துட்டாங்க'ன்னு சொன்ன? வாயத் தொறந்தா முதல்ல மாட்டுறது நீதான், பாத்துக்க."

அவள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஆல்டன் விடுவானா? கடையில், மாவு மூட்டைப் பக்கத்தில் அவளை நிறுத்தி எல்லோர் முன்னாலும் கேட்டான்.

"கோராவுக்குப் பயந்த சுபாவம், லோர்னா. தபால்காரனுக்கே ஜன்னல் வழியாத்தான் கையெழுத்துப் போடுவா. அன்னைக்கு எப்படிக் கதவத் தொறந்தா? கடைசியா உன்கிட்டதானே பேசினா?"

"தெரியல ஆல்டன்," என்றாள் லோர்னா. அந்த மனுஷனுக்கு வேறொன்றும் வேண்டாம், அந்த ஒரு பதில் போதும். அது இவள் தொண்டையில் இருந்தது.

ஆல்டன் அந்த வீட்டை இடித்துப்போட்டான். அவன் கையாலேயே பச்சை வர்ணம் அடித்த அந்த வாசல்கதவை, கடற்கரையில் போட்டு எரித்தான். நாம் எல்லோரும்தான் நின்று பார்த்தோம். போன் கம்பியையும் அறுத்தாகிவிட்டது.

மறுவாரம்... மாலை நாலு ஐம்பத்திரண்டு. லோர்னாவின் திரையில் ஓர் அழைப்பு. சுரெட் வீட்டு எண்.

எடுத்தாள். மழைக்கோட்டு உரசுகிற சத்தம். மூச்சு. காதில் மாட்டியிருந்த கருவியிலிருந்து மீன் இரை வீச்சம் அடித்ததாம்.

"வந்துட்டாங்களா?"

லோர்னா வைத்துவிட்டாள். அன்று முதல் அவள் வேலைக்கு வருகிற ஒவ்வொரு நாளும் அதே நேரம், அதே கேள்வி. பக்கத்து மேசைக்காரி கேட்டால் வெறும் இரைச்சல். இரண்டு வருடம் ஒரு தடவை கூட லோர்னா பதில் சொல்லவில்லை.

போன நவம்பரில் டெவோ ஓய்வு பெற்றான். வழக்கம் தெரியுமே... கடைசி நாளன்று காவலர் தன் வண்டியில் உட்கார்ந்திருப்பார். அழைப்பு அறையிலிருந்து ரேடியோவில் அவர் வண்டி எண்ணைக் கூப்பிட வேண்டும். அவர் பதில் சொல்லி விடைபெறுவார். ஊர் முழுக்க ஸ்கேனரில் கேட்கும். அன்றைக்கு முறை லோர்னாவுக்கு. நாலு மணிக்கு முடிந்திருக்க வேண்டிய விழா. நம் ஊர்த் தலைவர் பேச எழுந்தால் படகில் மீன் அழுகிவிடும் என்பதால் தள்ளிக்கொண்டே போயிற்று. அவர் உட்கார்ந்தபோது மணி நாலு ஐம்பது. நான் போலீஸ் நிலைய முற்றத்தில், டெவோ வண்டியிலிருந்து மூன்றடி தள்ளி நின்றேன். கையில் கேக்குத் தட்டு.

"பதினேழு... பதினேழு. கடைசி அழைப்பு."

டெவோ மைக்கை எடுத்தான். வாயைத் திறந்தான்.

மழைக்கோட்டுகள் உரசின... முற்றத்தில் இருந்த எல்லாப் போலீஸ் வண்டிகளிலும். ஊரின் எல்லா அடுப்படியிலும்.

"வந்துட்டாங்களா?"

ஆல்டன் புதிதாகக் குடிபோன வீட்டு ஸ்கேனரிலும்தான். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். குரல் யாருடையது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு லோர்னா பேசினாள். அழுதுகொண்டே, ஆனால் தெளிவாக, ஊரே கேட்க.

"வரல, கோரா. யாரும் வரல. வந்துட்டாங்கன்னு நான் சொன்னதாலதான் நீ தொறந்த. தப்பு என்னோடது... பொய்யா பொத்தான அமுக்கினவன் டெவோ. தட்டுறது போலீஸ் இல்ல. தொறக்காத கோரா... கதவத் தொறக்காத."

கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளைப் போடுகிற சத்தம். கடக்.

அப்புறம்தான் வெளியிலிருந்து தட்டுகிற சத்தம். டக்... டக்... டக். கூடவே ஓர் ஆண் குரல்.

"போலீஸ். கதவத் தொறங்க."

டெவோவின் குரல். நான் மூன்றடியில் நிற்கிறேன். அவன் உதடு அசையவில்லை. முகம் மாவு மாதிரி வெளுத்திருந்தது.

லோர்னாவுக்கு மறுநாளே வேலை போயிற்று. அவள் நேரே ஆல்டன் வீட்டுக்குத்தான் போனாள். அவன் கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு, முழுசாச் சொல்லு," என்றான். விசாரணையையும் மறுபடி எடுத்திருக்கிறார்கள். பார்ப்போம்.

அந்தத் தட்டல் மட்டும் நிற்கவில்லை. தினமும் நாலு ஐம்பத்திரண்டுக்கு ஸ்கேனரைப் போட்டுப் பாருங்கள். முன்பு மூன்று தடவை தட்டும். இப்போது இரவு வரைக்கும் தட்டுகிறது. "தொறங்க... தயவுசெஞ்சு தொறங்க" என்று டெவோவின் குரல் கெஞ்சுகிறது. தாழ்ப்பாள் விலகவே இல்லை.

போன செவ்வாய்க்கிழமை டெவோவின் மனைவி அவனை இங்கே கூட்டிவந்தாள். இந்தக் கொட்டகையில் முதலுதவிப் பெட்டி என் பொறுப்பில் அல்லவா.

"தினமும் சாயங்காலம் நாற்காலியில அசையாம உக்காந்திருக்காருங்க," என்றாள். "எழுந்திரிக்கும்போது கை இப்படி இருக்கு."

வலது கை. விரல் முட்டிகளில் தோலே இல்லை. உள்ளே மரச்சிராய்கள் ஏறியிருந்தன. இடுக்கியால் ஒவ்வொன்றாக நான்தான் எடுத்தேன்.

சிராய்களை விளக்கருகில் வைத்துப் பார்த்தேன்... ஒவ்வொன்றின் நுனியிலும் பச்சை வர்ணம்.