கட்டுரையின் கடைசிப் பக்கம்

சுங்கை சிப்புட்டில் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்த இரண்டு மாணவர்களில் ஒருவன், ரயில் புறப்பட்டதும் சொன்னான்: "நான் கட்டுரை எழுதினேன், அவருக்கு வேலை போச்சு."

மற்றவன் திரும்பிப் பார்த்தான். "யாருக்கு மச்சான்?"

"எங்க ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனாரே, முனியாண்டி அண்ணே, அவருக்குத்தான். நாங்க குடியிருக்கிற லயத்து வீடுகள்ல காய்ச்சல் பரவுறதைப் பத்தி எழுதினேன்லா? மருந்துகூட ஒழுங்கா வர்றதில்லன்னு அவருதான் சொன்னாரு."

"அதுக்கு ஏன் அவரு பேரைப் போட்டே?"

"ஆதாரம் இல்லாம எழுதினா வெறும் கதைன்னுட்டாரு வாத்தியாரு. தைப்பிங் டவுன்ல கிடைச்ச புத்தகத்தையெல்லாம் பொரட்டினேன், எங்க லயத்தைப் பத்தி ஒரு வரி இல்ல. அதனால கடைசிப் பக்கத்துல, ஆதாரப் பட்டியல்ல, அவரு பேரை எழுதிட்டேன். காலேஜ் பத்திரிகையில வந்துச்சு. தோட்டத்து மேனேஜர் தொரை கைக்கும் போச்சு."

"முதல் பக்கத்துச் சுருக்கத்தோட தொரை படிக்கிறதை நிறுத்தியிருக்கக் கூடாதா?"

"அதுல யாரு பேரும் இல்ல. சுருக்கம் நல்லா இருக்குன்னு வாத்தியாரு பாராட்டினாரு வேற." அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தஞ்சோங் ரம்புத்தானில் வண்டி நின்றபோது நண்பன் மெதுவாகக் கேட்டான்:

"அந்தக் கட்டுரையைத் தனிப் புத்தகமாப் போடப் போறாங்கன்னியே. அதுலயாவது பேரை எடுத்துடலாம்லா?"

"நேத்து அவரு மூட்டை கட்டுறப்ப அதைத்தான் கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'வேலைதான் போச்சு தம்பி, பேராவது இருக்கட்டும்'னாரு."