பள்ளி வேன் சாவியைப் பிடுங்கியது குறித்து

எனக்கு வயது நாற்பத்து மூன்று. பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை. வேன் கொட்டகைக்குப் பின்தெருவில் மாடி வீடு. வேன் அக்கா என்று கேட்டால் பால்காரர்கூடக் காட்டுவார். வேனை ஓட்டுவது என் கூடப்பிறந்த தம்பி. சாவியைப் பறித்து வேனை நடுரோட்டில் நிறுத்தியதாக உரிமையாளர் கொடுத்த புகாரின்பேரில் விசாரிக்க, நான் சொல்வதாவது:

தம்பிக்கு ஜலதோஷமும் இருமலும். இன்று காலை கடையில் இருமல் மருந்து வாங்கினான். வேறு மாத்திரை போட்டீர்களா என்று கடைக்காரர் கேட்டதற்கு இல்லை என்றிருக்கிறான். அவன் கணக்கில் அது பொய் இல்லை. எங்கள் கொட்டகையில் ஒரு பிஸ்கட் டின் உண்டு. ஓட்டுநர்கள் வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளை அட்டையோடு ஒவ்வொன்றாகக் கத்தரித்து அதில் போடுவார்கள். பெயர் ஒரு துண்டில் போகும், தேதி ஒரு துண்டில் போகும். மஞ்சள் மூக்கொழுகலுக்கு, வெள்ளை தலைவலிக்கு, அவ்வளவுதான் அங்கே வைத்தியம். டின்னில் எடுப்பதை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை. தம்பி கடைக்குப் போகும் முன்பே மஞ்சளில் ஒன்றைப் போட்டிருந்தான், அதன் மேல் இருமல் மருந்தையும் குடித்துவிட்டு வண்டியை எடுத்தான்.

அதன் பிறகு பிள்ளைகள் ஏறினார்கள். பள்ளிக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் வேன் நேராகப் போயிற்று. பார்த்தால் அவனுக்குக் கண் சொருகுகிறது. சிவப்பு விளக்கில் நின்றதும் கைபிரேக்கைப் போட்டுச் சாவியைப் பிடுங்கினேன். "குடுக்கா, வேலை போயிடும்" என்றான். "போகட்டும்டா, பின்னாடி பதினோரு உசிரு இருக்கு!" என்று கத்தினேன். சுற்றிலும் ஹாரன் காதைப் பிளந்தது. நான் அசையவில்லை.

அதன் பிறகு மருந்து பாட்டிலைப் பார்த்தேன். தூக்கம் வரலாம், வாகனம் ஓட்டக் கூடாது என்று பொடி எழுத்தில் இருந்தது. கடைக்காரருக்குப் போன் செய்து டின் கதையையும் சொன்னேன். "ஜலதோஷ மாத்திரைன்னா ரெண்டுலயும் ஒரே தூக்க மருந்தா இருக்கும்மா, பேருதான் வேற. கலரப் பாத்தா மாத்திரை போடுவாங்க? உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார்.

அதன் பிறகு உரிமையாளர் வேறு ஓட்டுநரோடு வந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார். நான் தம்பியை மருத்துவரிடம் காட்டினேன். ஆபத்து இல்லை, தூங்கினால் தெளிந்துவிடும், கூட ஆள் இருக்கட்டும் என்றார். அங்கிருந்து நேரே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தோம்.

இங்கே பெஞ்சில் சாய்ந்தவன் எழவே இல்லை. "நடிக்கிறான் சார்" என்று உரிமையாளர் தோளைப் பிடித்து உலுக்கினார். தம்பி கண்ணைத் திறக்காமலே, "உக்காருங்க தங்கங்களா, வண்டி கிளம்புது" என்று சொல்லிவிட்டுக் குறட்டை விட்டான். உரிமையாளரின் முகம் வெளுத்துவிட்டது. அவருடைய பேத்தியும் அந்த வேனில்தான் போகிறாள். புகாரைத் திருப்பி வாங்கிக்கொள்வதாகவும், தெளிந்த பிறகு தம்பி வேலைக்கு வரலாம் என்றும் சொன்னார்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள், நடந்தது நடந்தபடியே இருக்கிறது. புகார் போனாலும் இந்த வாக்குமூலம் இருக்கட்டும். நாளைக்கே யார் இப்படிக் கண் சொருக ஓட்டினாலும் மறுபடி பிடுங்குவேன் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லி, அதன் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
வேன் அக்கா