பூட்டிய வீட்டு டிவி

“டிவி இல்லன்னா மாமாவைக் கயித்துலதான் கட்டிப் போடணும்” என்றாள் அந்தப் பெண். வல்லத்திலிருந்து ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில், கம்பெனிச் சீருடையோடு அவளும் கணவனும் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்கப்பாவைக் கட்டிப் போடுவியா? வாயக் கழுவு. ரிப்பேர் பண்ணிக்கலாம்.”

“வாரண்டிதான் முடிஞ்சிடுச்சே. புதுப் பேனல் வர பதினஞ்சு நாள் ஆவும்னு மெக்கானிக் சொல்லிட்டான்.”

“அப்ப புதுசே வாங்கிடலாம். ரெண்டு பேரும் ஒரு மாசம் ஓ.டி. பார்த்தா முடிஞ்சிது.”

“நல்லா இருக்குதுய்யா ரோசனை! ஞாபகம் தப்பின மனுசனை ஒரு ஷிப்டு பூட்டி வெக்கிறதே பாவம். ஓ.டி.யும் பார்த்தா?”

“டிவி ஓடினா எழுந்திருக்க மாட்டாரே.”

“இப்ப ஓடலையே. நேத்து கதவைத் தட்டித் தட்டிக் கையெல்லாம் ரத்தம். இது யார் வூடு, என்னை வுட்டுடும்மான்னு என்னையே கும்புடுறாரு.”

“இன்னிக்கு என்ன பண்றாரோ?” என்றான் அவன்.

“இன்னிக்கும் பூட்டிட்டுத்தானே வந்தோம்.”

கம்பெனி வாசலில் இருவரும் இறங்கி, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினார்கள்.

நான் ஓய்வு பெற்றவன். பகலெல்லாம் எனக்கு வேலை கிடையாது. அவர்கள் ஏறிய நிறுத்தத்துக்குப் பக்கத்தில்தான் என் வீடும். நான் போய் அவரோடு உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.