குருணைக்குப் போன பிள்ளை

— ஆஸ்பத்திரி வாசல்ல நர்ஸம்மா கேப்பாங்க, 'யாரு இவன் அம்மா'ன்னு. 'நான்தான்'னு சொல்லிட்டு உள்ள போய்ப் படுக்கணும். வேற ஒண்ணும் கிடையாது சுகாந்தி.

— அது மட்டும் என்னால ஆகாது தீதி. மத்ததெல்லாம் செய்றேன்.

— இந்தா பாரு, படகு பாதி ஆத்துக்கு வந்தாச்சு. இப்ப வந்து ஆகாதுன்னா?

— கரையிலயே சொன்னேனே. நீங்க அங்கன்வாடிச் சாவியைத் தேடிக்கிட்டிருந்தீங்க. காதுல வாங்கல.

— பைதர் மாமா, கேட்டீங்களா இவ பேச்சை?

— கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் பிரமோதினி மா. நல்லா உரக்கவே சண்டை போடுங்க. மகாநதி முழுக்கப் பனி, என் துடுப்பு நுனியே எனக்குத் தெரியல. உங்க சத்தம் கேட்டாத்தான் எதிர்ப்படகுக்காரன் ஒதுங்குவான்.

— இந்தா பாருடி, அவன் கையில அளவுப் பட்டை சுத்திப் பார்த்தேன். சத்தே இல்லைன்னு சிவப்புல நின்னுச்சு. ஒரு வயசுப் பிள்ளை கையா அது? முருங்கைக்காய் மாதிரி இருக்கு. பசிச்சா அழக்கூடத் தெம்பு இல்ல. இந்த ஆஸ்பத்திரியில பால் காய்ச்சிக் கொடுத்து, மருந்து கொடுத்துத் தேத்தி அனுப்புவாங்க. அம்மா கூட இருந்தாத்தான் சேர்ப்பாங்க.

— அம்மாவைத்தானே கேக்குறாங்க. நான் அவனுக்குப் பால் கொடுக்கிறவ.

— பெத்தவ யாரு?

— பெத்தது நான்தான். அதான் வித்துட்டேனே.

— ஆரம்பிச்சிட்டா. குருணைக்கு வித்த கதை.

— கதை இல்ல தீதி. அதனாலதானே 'குதியா'ன்னு கூப்பிடுறோம்? குருணைக்குப் போனவன்னு அர்த்தம். எமன் வந்து 'சுகாந்தி பிள்ளை எங்கே'ன்னு கேட்டா, 'அவளுக்குப் பிள்ளையே இல்லையே'ன்னு ஊரே சொல்லணும்.

— எமன் ஊர்ல விசாரிச்சுத்தான் வழி கண்டுபிடிக்கணுமாக்கும்.

— எங்க வீட்டுக்கு ரெண்டு தடவை வந்திருக்கான். வழி நல்லாத் தெரியும். மூத்தவளைத் தூக்கி நிலாவுக்குக் காட்டி 'என் பொண்ணைப் பாரு'ன்னேன். மழைக்காலம் முடியறதுக்குள்ள போயிட்டா. அடுத்தவனுக்கு வாயே திறக்கல. தூக்கத்துல சொல்லிட்டேன் போல.

— தூக்கத்துலயா?

— கனவுல அவன் பெரியவனாகி இந்த ஆத்து மேலயே நடந்து வந்தான். இதே மாதிரி பனி. கரையும் இல்ல, வானமும் இல்ல. கால் நனையல அவனுக்கு. தண்ணி அவனைக் கேட்டுது, 'நீ யாருப்பா'ன்னு. அவனுக்குச் சொல்லத் தெரியாம என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் சொல்லிட்டேன் தீதி. முழிச்சுப் பார்த்தா என் உதடு இன்னும் அசைஞ்சுக்கிட்டிருக்கு.

— என்ன மா, சத்தத்தைக் காணோம்? தூங்கிட்டீங்களா?

— இருக்கோம் மாமா. சுகாந்தி, நான் சொல்றதைக் கேளு. என் மகளுக்கு நானே சத்துமாவு கிண்டிக் கொடுத்தேன். ஊசி ஒண்ணு விடாமப் போட்டேன். எடையில ஒரு குறை இல்ல. பள்ளிக்கூடம் விட்டு வயக்காட்டு வழியா வரும்போது இடி விழுந்துச்சு. அது கண்ணேறா? நான் வாயால சொன்ன சொல்லா? மேகம்டி. வெறும் மேகம்.

— நீங்க 'என் பொண்ணு'ன்னு சொன்னதே இல்லையா தீதி?

— ஏன் சொல்லாம? நாள் முழுக்கச் சொல்லுவேன். அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதே. சொல்லு யாரையும் கொல்லாது.

— அப்போ வாங்கினவங்களைக் கேளுங்க. அவங்க சொன்னாச் சரி.

— யாரு வாங்கினது? அந்தப் பழைய மருத்துவச்சியா?

— அவ ரெண்டாவதை வாங்கினவ. தங்கலைன்னதும், இவனைத் தொடவே மாட்டேன்னுட்டா. ஊர்ல ஒருத்தியும் மடி ஏந்த வரல.

— பின்னே யாருடி? பேரைச் சொல்லு. படகைத் திருப்பச் சொல்லி, அவ கால்ல விழுந்தாவது கூட்டியாந்து அந்த வாசல்ல நிக்க வைக்கிறேன்.

— வாங்கினது அவங்களுக்கே தெரியாது தீதி.

— தெரியாம எப்படி வாங்குவாங்க?

— இவனை முதல்முதலா எடை பார்க்கக் கொண்டாந்தேன். தூளித் தராசுல இருந்து எடுத்து நீங்க மடியில வச்சுக்கிட்டீங்க. 'ஏதாவது சாப்பிட்டியா'ன்னீங்க. இல்லைன்னேன். மூட்டை அடியில கிடந்த குருணையை ரெண்டு கையாலயும் அள்ளி என் முந்தானையில போட்டீங்க. அப்புறம் இவனை என்கிட்ட நீட்டி, 'நல்லா வளர்த்துக் கொண்டா, நான் வந்து பார்ப்பேன்'னீங்க.

— அது நான் எல்லாத் தாய்கிட்டயும் சொல்றதுடி.

— வாங்குறவங்க சொல்றதும் அதேதான் தீதி. ஒரு வார்த்தை மாறாம.

— மா? பேச்சை நிறுத்தாதீங்க மா. பனி கெட்டியாகுது.

— என்கிட்டயா வித்தே? உனக்கு வேற ஆளே கிடைக்கலையா? என் கை எப்படிப்பட்ட கைன்னு உனக்குத் தெரியாதா?

— தெரியும். உங்க மடியில அவன் அழல தீதி. வீட்டுல அழுதுக்கிட்டே இருந்தவன். அதான்.

— கொண்டா இங்க. குளிர்காத்துல இப்படியா வெறும் தலையோட வச்சிருப்பே? கனமே இல்லையே, நனைச்சுப் பிழிஞ்ச துணி மாதிரி. என்னடா பாக்குறே?

— உங்களைத்தான் பாக்குறான்.

— சரி, கேட்டுக்கோ. வாங்கினவ நான்னா, நான் சொல்றபடிதான் நீ நடக்கணும். பாலுக்கு உன்னை வச்சிருக்கேன். உள்ள அவன் பக்கத்துலயே படு, அவங்க போடுற சோத்தை மிச்சம் வைக்காமச் சாப்பிடு. வாசல்ல நீ வாயே திறக்க வேண்டாம். நர்ஸம்மா எனக்குப் பழக்கம்தான், தனியாக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிக்கிறேன்.

— சரி தீதி. அவன் தேறுற வரைக்கும் அசைய மாட்டேன்.

— சங்குச் சத்தம் கேக்குதா மா? கோயில் பக்கம் வந்துட்டோம். பார்த்து எறங்குங்க, மணல் உள்வாங்கும். ஆக, இவ்வளவு நேரம் மல்லுக்கட்டினீங்களே, பிள்ளை யாரோடதுன்னு முடிவாச்சா?

— தீதியோட—

— சும்மா இருடி, மெல்லப் பேசு. யாரோடதும் இல்ல மாமா. வழியில கிடந்துது, எடுத்துட்டுப் போறோம்.